மணியின் நாக்கு: முதல் நிலைப் பாத்திரங்களுக்கு ஒரு சாகசம் நடத்துவது எப்படி?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் ஆட்டம். அதில் நான் நடத்திய முதல் சாகசம் இருபது நிமிடம்கூட நீடிக்கவில்லை. குகைவாசலில் பக்பேர் என்ற அரக்கன் ஒருவனை நிறுத்தியிருந்தேன். உடம்பெல்லாம் ரோமம், கையில் முள் பதித்த கதாயுதம். படத்தில் பார்க்க நன்றாக இருந்தது, அதற்காகத்தான் வைத்தேன். எதிரே நின்ற மந்திரவாதியிடம், அடிபட அடிபடக் குறையும் உயிர்ப்புள்ளிகள் எட்டு. இருபது முகப் பகடையை உருட்டினேன், 20 விழுந்தது. 20 விழுந்தால் சேதப் பகடைகள் இரட்டிப்பாகும். கணக்குப் பார்த்தால் 22 சேதம். எட்டைக் கழித்து மிஞ்சிய 14, அந்த மந்திரவாதியின் முழு உயிர்ப்புள்ளியைவிட அதிகம். அப்படி மிஞ்சினால் அந்த இடத்திலேயே சாவு என்பது விதி. முந்தைய இரவு முழுவதும் உட்கார்ந்து அந்தப் பாத்திரத்துக்குப் பெயர், ஊர், தொலைந்துபோன தங்கை என்று எல்லாம் எழுதிக் கொண்டுவந்திருந்த நண்பர், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மீதி நேரம் மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்த்தார்.

பகடையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முதல் நிலைப் பாத்திரங்கள், அதாவது ஆட்டத்தை இப்போதுதான் தொடங்குபவர்கள், எவ்வளவு மெல்லியவர்கள் என்று தெரியாமல் நான் ஒரு சாகசத்தைக் கட்டியிருந்தேன். நீங்கள் முதன்முறையாக நடத்தப் போகிறீர்கள் என்றால், முழுதாக ஒரு சாகசத்தைக் கையில் கொடுத்து, அதை ஏன் அப்படிக் கட்டினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அப்படியே எடுத்து ஆடலாம், மாற்றியும் ஆடலாம்.

மேசைக்கு வேண்டியவை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து இதை உருவாக்கினார்கள். படையை நகர்த்துவதற்குப் பதில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு ஆளை நடத்துவது என்பதுதான் அவர்கள் செய்த பெரிய மாற்றம். இப்போது இதைப் போல நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் உண்டு. இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி அமைந்தவை. அதன் அடிப்படை விதிகள் அடங்கிய எஸ்ஆர்டி 5.1 என்ற கோப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இருக்கிறது. மேசையில் பேசும் மொழி உங்களுடையது.

ஏழு பகடைகள் கொண்ட ஒரு தொகுதி போதும்: நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்டவை ஒவ்வொன்று, பத்து முகங்கள் கொண்டவை இரண்டு. பென்சில், தாள், மூன்று அல்லது நான்கு மணி நேரம், நான்கு ஆட்டக்காரர்கள். வரைபடமும் பொம்மையும் இல்லாமல் தாராளமாக ஆடலாம்.

ஆட்டம் நடக்கும் விதம் எளிது. நீங்கள் நிலைமையைச் சொல்கிறீர்கள். ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள். நடக்குமா நடக்காதா என்ற ஐயம் இருந்தால் இருபது முகப் பகடையை உருட்டி, அதோடு பாத்திரத்தின் திறமைக்கேற்ற கூட்டெண்ணைச் சேர்த்து, நீங்கள் வைத்த இலக்கு எண்ணை எட்டுகிறார்களா என்று பார்க்கிறீர்கள். சண்டையில் இலக்கு எண் என்பது எதிரியின் கவச எண். இவ்வளவுதான் அடிப்படை. மீதி எல்லாம் இதன்மேல் வைத்த அலங்காரம்.

இந்த வேலையைச் செய்பவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். நான் நடத்துநர் என்றே சொல்கிறேன். பஸ் நினைவுக்கு வந்தால் நல்லதுதான். நடத்துநர் விசில் கொடுப்பார், சில்லறை தருவார், படிக்கட்டில் தொங்குபவரை உள்ளே வரச் சொல்வார். ஆனால் ஸ்டியரிங் அவர் கையில் கிடையாது.

முதல் நிலையின் கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். என் மந்திரவாதி இங்கேதான் செத்தார்.

முதல் நிலையில் போர்வீரருக்கு 10 உயிர்ப்புள்ளிகளும் உடல்வலுக் கூட்டெண்ணும் கிடைக்கும். பெரும்பாலும் 12 வரும். மந்திரவாதிக்கு அடிப்படை 6தான், ஏழோ எட்டோ வந்தால் பெரிது. எதிரே ஒரு சாதாரணக் காப்ளினை நிறுத்துங்கள். உயரம் குறைந்த, தந்திரமான, கூட்டமாகத் திரியும் அற்ப ஜீவன் அது. அதற்கு உயிர்ப்புள்ளி 7, கவச எண் 15, தாக்குதல் கூட்டெண் 4. அடித்தால் ஓர் ஆறுமுகப் பகடையும் இரண்டும் சேர்ந்த சேதம். கவச எண் 12 கொண்ட மந்திரவாதியை அது அடிக்கப் பகடையில் 8 விழுந்தால் போதும். அதாவது 65 சதவீத வாய்ப்பு. ஏழு உயிர்ப்புள்ளி உள்ளவர்மேல் அந்த அடி பட்டால், மூன்றில் ஒரு முறை அந்த ஒரே அடியில் விழுந்துவிடுவார். அற்ப ஜீவனின் கதையே இது. பக்பேருக்கோ 27 உயிர்ப்புள்ளிகள். இரண்டு எட்டுமுகப் பகடையும் இரண்டும் சேர்ந்த சேதம், சராசரி 11.

சண்டையின் கடுமையை அளக்க 2014 விதிநூலில் ஒரு கணக்கு இருக்கிறது. எதிரியை வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளை வைத்து அளப்பது அது. நான்கு முதல் நிலைப் பாத்திரங்களுக்கு 100 புள்ளி எளிது, 200 நடுத்தரம், 300 கடினம், 400 உயிருக்கு ஆபத்து. ஒரு காப்ளின் 50 புள்ளி. நான்கு காப்ளின் என்றால் 200தானே, நடுத்தரம்தானே என்று தோன்றும். அங்கேதான் பொறி. எதிரிகள் இரண்டு பேரென்றால் மொத்தத்தை ஒன்றரையாலும், மூன்று முதல் ஆறு வரையென்றால் இரண்டாலும் பெருக்க வேண்டும். நான்கு காப்ளின்களின் உண்மையான எடை 400. உயிருக்கு ஆபத்து! 2024இல் வந்த திருத்தப் பதிப்பு இந்தப் பெருக்கலைக் கைவிட்டுவிட்டது. ஆனால் புதியவருக்கு அந்தப் பெருக்கல் சொல்லும் பாடம் பெரியது. எதிரியின் பலத்தைவிட எதிரிகளின் எண்ணிக்கைதான் கொல்லும். நான்கு பேர் நான்கு முறை அடிக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆகவே முதல் சாகசத்துக்கு என் அளவு இது: ஒரே நேரத்தில் மேசையில் மூன்று எதிரிகளுக்கு மேல் வேண்டாம். எந்த எதிரியும் ஒரே சாதாரண அடியில் பத்துக்கு மேல் சேதம் கொடுக்க வேண்டாம். சண்டை எதுவாக இருந்தாலும், அதில் தோற்றால் கதை எங்கே போகும் என்று உட்காரும் முன்பே எழுதிவையுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். நான் பார்த்தவரை புதிய நடத்துநர்கள் வெற்றிக்கு மட்டும் பாதை போடுகிறார்கள். தோல்வி வந்ததும் கைபிசைந்துகொண்டு பகடையைத் திரைக்குப் பின்னால் மாற்றிச் சொல்கிறார்கள். ஒருமுறை அப்படிச் செய்து பிடிபட்டால், அதன்பிறகு அந்த மேசையில் யாரும் பகடையைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள்.

கதை எங்கே தொடங்க வேண்டும்

உலகத்தைக் காப்பாற்றும் கதையை முதல் நாளே எடுக்காதீர்கள். எட்டு உயிர்ப்புள்ளி உள்ளவரிடம் உலகத்தை ஒப்படைப்பது நகைப்புக்குரியது என்பது ஒருபுறம் இருக்கட்டும். உலகம் அழியப் போகிறது என்றால் ஆட்டக்காரர்களுக்குத் தேர்வே இல்லை, போய்த்தான் ஆக வேண்டும். சின்னச் சிக்கலில்தான் 'இதை எப்படிச் செய்யலாம்' என்று பேச இடம் இருக்கிறது.

நம் சிக்கல் இதுதான். காட்டோரக் கிராமம் ஒன்றின் கோபுரத்திலிருந்த வெண்கல மணி நேற்றிரவு களவு போய்விட்டது. எடுத்தவர்கள் காப்ளின்கள். மீட்டு வரவேண்டும்.

இனி உங்களுக்கு மட்டும் தெரிந்த பகுதி. காட்டுக்குள் இருக்கும் குகையின் அடியில் பழைய போர்வீரர்களின் கல்லறை ஒன்று இருக்கிறது. மாலைதோறும் கோபுர மணி ஒலித்தால் அவர்கள் உறங்குவார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் கிராமத்தார் ஏற்றுக்கொண்ட கடமை அது. இப்போது மணி அடிக்கும் கிழவருக்கு முழங்கால் வலி. கோபுரப் படி ஏற முடியவில்லை. ஏன் அடிக்கிறோம் என்பதும் ஊரில் யாருக்கும் நினைவில்லை. இரண்டு மாதமாக அவர் அடிக்கவே இல்லை. கீழே இருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். இரவுதோறும் எலும்புக்கூடுகள் குகைக்குள் ஏறிவர, அங்கே வாழும் காப்ளின்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. மணி ஒலித்த நாட்களில் இப்படி நடக்கவில்லை என்பது அவற்றுக்குத் தெரியும். திருடின. ஆனால் இழுத்துவரும் வழியில் மணியின் நாக்கு கழன்று விழுந்துவிட்டது. நாக்கில்லாத மணியைக் கல்லால் தட்டிப் பார்க்கின்றன, சரியான ஒலி வரவில்லை.

எதிரிக்கு ஒரு காரணம் கொடுத்ததால் என்ன கிடைத்தது பாருங்கள். ஆட்டக்காரர்கள் சண்டையும் போடலாம், பேரமும் பேசலாம், திருடரிடமிருந்தே திருடவும் செய்யலாம். காரணமில்லாத அரக்கனிடம் வாள் ஒன்றுதான் பேசும்.

கிராமத்தில்: அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்

மதுக்கடையில் மர்ம மனிதர் வேலை கொடுக்கும் காட்சி தேய்ந்துபோன ஒன்று. அதைத் தவிர்த்துவிட்டு, நேராகக் கோபுரத்தின் அடியில் தொடங்குங்கள். விடியற்காலை. மேலே மணி இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. ஊரே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. ஊர்த்தலைவி உங்கள் நான்கு பேரையும் பார்த்து, "உங்களில் யாருக்காவது ஏறத் தெரியுமா?" என்று கேட்கிறாள்.

இந்த ஒரு கேள்வி நிறைய வேலை செய்கிறது. தெரியும் என்று யாராவது சொல்வார், பகடை உருளும், ஆட்டம் தொடங்கிவிடும். விதிகளை விளக்க அரை மணி நேரம் எடுக்காதீர்கள். முதல் பகடை உருளும்போது சொல்லிக்கொடுத்தால் போதும்.

இங்கே ஆட்டக்காரர்களுக்கு இரண்டு செய்திகள் கிடைக்க வேண்டும். மணி எந்தப் பக்கம் போனது என்பது முதலாவது. இழுத்த தடம் காட்டுப் பாதையில் போகிறது, அதைக் கண்டுபிடிக்கப் பகடை வேண்டாம், கண்ணுள்ளவருக்குத் தெரியும். இரண்டாவது, மணி நெடுநாளாக அடிக்கப்படவில்லை என்ற இரகசியம். இதற்கு மூன்று வழிகளை வைத்திருக்கிறேன். மணிக்கயிற்றில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. கிழவர் யார் முகத்தையும் பார்க்க மறுக்கிறார், அன்பாகப் பேசினால் அழுதுவிடுவார். இரண்டையும் தவறவிட்டாலும் பிற்பாடு காப்ளின் தலைவி சொல்லிவிடுவாள்.

கதை நகர்வதற்குத் தேவையான எந்தச் செய்தியையும் ஒரே பூட்டுக்குள் வைக்காதீர்கள். நான் ஒருமுறை இரகசியக் கதவு ஒன்றை வைத்தேன். அதைக் கண்டுபிடித்தால்தான் கதை போகும். நான்கு பேரும் உருட்டினார்கள், நான்கு பேரும் தவறினார்கள். அப்புறம் என்ன, நாற்பது நிமிடம் வெறும் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

காட்டுப் பாதை: மரத்தின்மேல் ஒரு காப்ளின்

ஒரு மணி நேரம் நடந்தபின் உறுமல் கேட்கிறது. ஓநாய்கள் இரண்டு ஒரு மரத்தைச் சுற்றி வருகின்றன. மேலே கிளையில் காலில் கடிபட்ட காப்ளின் ஒன்று இரும்புத் துண்டு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நடுங்குகிறது. அதுதான் மணியின் நாக்கு. விழுந்ததை எடுத்துவரத் திரும்பிப்போன காப்ளின் இது.

ஓநாய்க்கு உயிர்ப்புள்ளி 11, கவச எண் 13, தாக்குதல் கூட்டெண் 4, இரண்டு நான்குமுகப் பகடையும் இரண்டும் சேர்ந்த சேதம். பக்கத்தில் கூட்டாளி நின்றால் அதற்குச் சாதக நிலை கிடைக்கும். அதாவது பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும். இது எவ்வளவு பெரிய அனுகூலம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 11 விழ வேண்டிய இடத்தில் ஒரு பகடைக்கு வாய்ப்பு 50 சதவீதம், இரண்டு பகடைக்கு 75. ஆகவே ஓநாய்களைப் பிரித்துவிடுவதுதான் புத்தி. அதை யாராவது கண்டுபிடித்தால் மனம்விட்டுப் பாராட்டுங்கள். எரியும் கிளை, தூக்கிப்போட்ட இறைச்சி, உரத்த சத்தம் எதுவாக இருந்தாலும் இலக்கு எண் 10 வைத்து உருட்டச் சொல்லுங்கள். ஒரு ஓநாய் விழுந்தால் மற்றது ஓடிவிடும். விலங்குகள் சாகும்வரை சண்டையிடுவதில்லை. இதைச் செய்தீர்கள் என்றால், பின்வாங்குவது இந்த உலகில் இயல்பான செயல் என்று ஆட்டக்காரர்களும் கற்றுக்கொள்வார்கள்.

தோற்றால்? ஓநாய்களுக்கு வேண்டியது இரை. விழுந்தவர்களின் பையிலிருந்த உணவையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடும். காப்ளின் மரத்திலிருந்து இறங்கி, விழுந்தவரின் காயத்தைக் கட்டிக்கொண்டிருக்கும். பாத்திரம் கண் விழித்துப் பார்க்கும் முதல் முகம் அதனுடையது. உண்மையைச் சொன்னால், ஜெயித்ததைவிட இந்தக் காட்சிதான் நன்றாக அமையும்.

காப்பாற்றப்பட்ட காப்ளினை எப்படிப் பேசவைப்பது? குரலை மாற்றி நடிக்க வராதவர்கள் கவலைப்பட வேண்டாம். அதற்கு ஒரு ஆசையும் ஒரு பயமும் கொடுத்தால் போதும். ஆசை: நாக்கைக் குகைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பயம்: இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியாதோ என்று. "நீங்கள் மணி அடிப்பதை ஏன் நிறுத்தினீர்கள்?" என்று அது கேட்கட்டும். மேசை அமைதியாகும் அந்த நொடியில் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

குகைவாசல்

இங்கே காவலுக்கு இரண்டு காப்ளின்கள், உள்ளே தலைவியும் குட்டிகளும் முதியவைகளும். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியக் கூடாது. ஆட்டக்காரர்கள் மூன்றில் ஒன்றைச் செய்வார்கள்.

பதுங்கிப் போகிறார்கள் என்றால் காவலரின் கவனிப்பு எண் 9. எல்லோரும் உருட்டட்டும். பாதிப் பேராவது 9ஐ எட்டினால் குழு முழுவதும் தப்பியது என்பது விதி. இரும்புக் கவசம் போட்ட ஒருவரால் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் எரிச்சலை இது தவிர்க்கும்.

சண்டை என்றால் வாசலில் உள்ள இரண்டோடு தலைவியும் சேர்ந்து மூன்று பேர். கணக்கில் 300, கடினம். தலைவிக்கும் சாதாரணக் காப்ளினின் எண்களே போதும், உயிர்ப்புள்ளியை மட்டும் 12 ஆக்கிக்கொள்ளுங்கள். அவள் உயிர்ப்புள்ளி பாதியாகக் குறைந்ததும் ஆயுதத்தைக் கீழே போட்டுப் பேசக் கூப்பிடுவாள். குழு தோற்றுப்போனால் கட்டிப்போடப்பட்ட நிலையில் குகைக்குள் கண் விழிப்பார்கள். தரைக்கு அடியில் நகத்தால் பிறாண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். தலைவி கத்தியோடு வந்து கயிற்றை அறுத்துவிட்டு, "உங்களுக்குச் சண்டை போடத் தெரியும், எங்களுக்கு ஆள் பற்றவில்லை" என்பாள்.

பேச்சு என்றால் பகடையை உடனே எடுக்காதீர்கள். என்ன தருகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நாக்கைக் கையில் வைத்திருக்கும் குழுவுக்குப் பேரத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது. மரத்திலிருந்து காப்பாற்றிய காப்ளின் கூடவே வந்தால் பகடை தேவையே இல்லை. தலைவி குகைக்குள் அழைத்துப் போவாள். நல்ல யோசனைக்கு இலக்கு எண் வைத்துத் தோற்கடிப்பது இந்த ஆட்டத்தின் மிகப் பழைய குற்றங்களில் ஒன்று.

கல்லறைக்கு இறங்கும் முன் யாரேனும் காயம்பட்டிருந்தால் ஒரு மணி நேர ஓய்வு எடுக்கலாம் என்று நீங்களே நினைவூட்டுங்கள். புதியவர்களுக்கு இது தெரியாது. முதல் நிலையில் ஒவ்வொருவரும் தம் வகுப்புக்குரிய (போர்வீரர், மந்திரவாதி போன்ற வகை) ஓர் உயிர்ப்பகடையை உருட்டி, உடல்வலுக் கூட்டெண்ணையும் சேர்த்து, அவ்வளவு புள்ளியைத் திரும்பப் பெறலாம்.

கல்லறை

கடைசிச் சண்டையில் எதிரியைக் கொல்வதைத் தவிர வேறொரு நோக்கம் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். 'யார் முதலில் பூஜ்யத்துக்குப் போகிறார்' என்பது மட்டும் நோக்கமானால் இரண்டாவது சுற்றிலேயே எல்லோரும் செல்பேசியை எடுத்துவிடுவார்கள்.

மூன்று எலும்புக்கூடுகள். உயிர்ப்புள்ளி 13, கவச எண் 13, தாக்குதல் கூட்டெண் 4, ஆறுமுகப் பகடையும் இரண்டும் சேர்ந்த சேதம். தண்டாயுதம்போல் நசுக்கும் ஆயுதம் பட்டால் சேதம் இரட்டிப்பாகும். வாளால் வெட்டுபவரும் அம்பு எய்பவரும் சலித்துக்கொண்டிருக்கும்போது, பூசகர் தம் தண்டாயுதத்தால் ஓங்கி அடித்து ஒன்றைத் தூளாக்குவார். அந்த நொடியில் அவரைவிட மகிழ்ச்சியான ஆள் மேசையில் இருக்க மாட்டார். மணியின் நாக்கையும் ஆயுதமாக எடுக்கலாம். இரு கைகளாலும் பிடித்து அடித்தால் எட்டுமுகப் பகடை, நசுக்கும் சேதம்.

ஆனால் நாக்கை அடிக்கப் பயன்படுத்தினால் மணியில் மாட்ட முடியாதே! இதற்காகத்தான் இந்தக் காட்சியை எழுதினேன். மணி கல்லறையின் நடுவில் ஒரு கட்டையில் தொங்குகிறது, காப்ளின்கள் மாட்டிவைத்தது. நாக்கைக் கொக்கியில் மாட்ட ஒருவர் தம் முறையைச் செலவிட வேண்டும். இலக்கு எண் 10, தவறினால் அடுத்த முறை கண்டிப்பாக மாட்டிவிடலாம். மாட்டியபின் ஒவ்வொரு முறையும் ஒருவர் ஓங்கி அடிக்க வேண்டும். முதல் ஒலியில் எலும்புக்கூடுகள் தடுமாறும். அதுமுதல் அவற்றின் தாக்குதலுக்குப் பாதக நிலை, இரண்டு பகடையில் சிறியதை எடுக்க வேண்டும். இரண்டாம் ஒலியில் ஒன்று போய்த் தன் பெட்டியில் படுத்துக்கொள்ளும். மூன்றாம் ஒலியில் மிச்சமிருப்பவையும் படுத்துவிடும். மணி அடிப்பவரை மற்றவர்கள் காத்து நிற்க வேண்டும். மெல்லிய மந்திரவாதி மணியருகில், கவசமணிந்தவர்கள் சுற்றிலும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அணிவகுப்பு தானாக அமையும்.

சாவு நேரக்கூடிய ஒரே இடம் இதுதான். அதை ஆட்டம் தொடங்கும் முன்பே மேசையில் சொல்லிவிடுங்கள். உயிர்ப்புள்ளி பூஜ்யமானவர் உடனே சாவதில்லை. ஒவ்வொரு முறையும் கூட்டெண் இல்லாமல் இருபது முகப் பகடையை உருட்டுவார். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி சேர்ந்தால் முடிந்தது. 20 விழுந்தால் ஓர் உயிர்ப்புள்ளியோடு எழுந்துவிடுவார். 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. இந்தப் பகடைகளை நடுமேசையில் எல்லோரும் பார்க்க உருட்டச் சொல்லுங்கள். அப்போது மேசையைச் சுற்றி மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காது.

நடத்தும்போது கைக்கு உதவும் சில

இலக்கு எண் பற்றி ஒரு வார்த்தை. விதிநூல் 10ஐ எளிது என்றும் 15ஐ நடுத்தரம் என்றும் 20ஐக் கடினம் என்றும் சொல்கிறது. 'நடுத்தரம்' என்ற சொல்லை நம்பி எல்லாவற்றுக்கும் 15 வைக்கும் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். கூட்டெண் 2 உள்ளவர் 15ஐ எட்ட வாய்ப்பு 40 சதவீதம்தான். பத்தில் ஆறு முறை தோற்பவர் தம்மை வீரர் என்று எப்படி நினைப்பார்? முதல் நிலைக்கு 10, 12 என்று வைத்துப் பழகுங்கள். 15ஐ உண்மையாகவே கடினமானதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பகடை தோற்றால் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று சொல்லாதீர்கள். பூட்டைத் திறக்கத் தவறினார் என்றால், திறந்தது, ஆனால் கிரீச்சென்று சத்தம் போட்டது. தடத்தைத் தொடரத் தவறினார் என்றால், போய்ச் சேர்ந்தார்கள், ஆனால் இருட்டிவிட்டது. நம் சாகசத்தில் இருட்டு என்பது எலும்புக்கூடுகள் ஏற்கெனவே குகைக்குள் வந்துவிட்டன என்று பொருள்.

வருணனைக்கு இரண்டு வாக்கியம் போதும். ஒன்று கண்ணுக்கு, ஒன்று காதுக்கோ மூக்குக்கோ. "குகை இருட்டாக இருக்கிறது. உள்ளிருந்து சாம்பலும் ஈர ரோமமும் கலந்த வாடை வருகிறது." அவ்வளவு. ஒரு பக்கம் எழுதிவைத்துப் படித்தால் கேட்பவர் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போகும்.

சத்தமாகப் பேசும் ஒருவர் எல்லா மேசையிலும் இருப்பார். அவரை அடக்க வேண்டாம். அமைதியாக இருப்பவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆட்டக்காரரின் பெயரை விட்டுப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி, "நீ என்ன செய்கிறாய்?" என்று. பாத்திரத்திடம் கேட்ட கேள்விக்கு வெட்கப்படுபவர்களும் பதில் சொல்லிவிடுகிறார்கள். காரணம் எனக்குப் புரிந்ததில்லை, ஆனால் பலிக்கிறது.

விதி மறந்துவிட்டால் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். நியாயமாகத் தோன்றுவதைத் தீர்ப்பாகச் சொல்லிவிட்டு, ஆட்டம் முடிந்தபின் சரிபார்த்து, அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

முடிந்தபின்

இரண்டாம் நிலைக்குப் போக ஒருவருக்கு 300 அனுபவப் புள்ளிகள் வேண்டும். இந்தச் சாகசத்தில் எல்லாச் சண்டையையும் வென்றாலும் கிடைப்பது மொத்தம் 400, நான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்கு நூறு. அதாவது பேரம் பேசி முடித்தவர்களுக்கு இன்னும் குறைவு. கொன்றால்தான் வளர்ச்சி என்று சொல்லும் இந்தக் கணக்கை முதல் நாளில் ஒதுக்கிவிடுங்கள். மணி மீண்டும் ஒலித்துவிட்டால் எல்லோரும் இரண்டாம் நிலை. இதுவும் விதிநூல் அனுமதிக்கும் முறைதான். இரண்டாம் நிலைக்குப் போனதும் மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி பன்னிரண்டை ஒட்டி வரும். நீங்களும் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விடலாம்.

எல்லோரும் எழுந்திருக்கும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். மணி கோபுரத்துக்குப் போகிறதா, குகையிலேயே இருக்கிறதா, நாளை மாலை அதை அடிக்கப்போவது யார்? முழங்கால் வலிக்காரக் கிழவரா, காப்ளின் தலைவியா, குழுவில் ஒருவரா? அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருங்கள். அடுத்த வார ஆட்டத்துக்கு வேண்டிய சிக்கலை அவர்களே எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.